வருஷப் பிறப்புப் பச்சைக்கறி

ரொட்டி அன்றைக்குச் சுட்டதாக இருக்கக் கூடாது, மேடம். முதல்நாள் வாங்கி வைத்த ரை ரொட்டிதான் சரி. புது ரொட்டி கறியின் ஈரத்தில் சொதசொதவென்று ஆகிவிடும். வெங்காயத்தை வளையம் வளையமாக, மெல்லிசாக வெட்ட வேண்டும். உப்பும் மிளகும் கடைசியில் போட்டால் போதும். அரைத்த மாட்டுக்கறியை அப்படியே பச்சையாக ரொட்டியில் அப்பி வெங்காயத்தை மேலே வைக்க வேண்டியதுதான். இதற்கு அடுப்பே பற்ற வைப்பதில்லை.

நீங்கள் மில்வாக்கியில் பிறந்தவர் இல்லை என்று உங்கள் பேச்சிலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு விளக்குகிறேன். வெளியூர்க்காரர்கள் இதை நரமாமிச சாண்ட்விச் என்று கேலி பண்ணுவார்கள். நாங்கள் பச்சைக்கறி என்றுதான் சொல்வோம். ஊரின் தெற்குப் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கும் வருஷப் பிறப்புக்கும் பச்சைக்கறி இல்லாவிட்டால் அது பண்டிகையே இல்லை. போலந்துக்காரர் வீடு, ஜெர்மன்காரர் வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. ஒவ்வொரு டிசம்பரிலும் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா டிவியில் வந்து, தயவுசெய்து பச்சைக்கறி சாப்பிடாதீர்கள் என்று கெஞ்சுவார். நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவோம். அந்த அம்மா வரவில்லையென்றால் பண்டிகையில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

விசாரணையை ஆரம்பிக்கும் முன் வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இந்த ஒரு வருஷத்தில் வக்கீல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. என் பெயர் க்ளாரன்ஸ் வொய்டாக். கிரேன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கையால் ஒரு ஆணி தவறி விழுந்தது கிடையாது. என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நான் நிதானமானவன். நார்பர்ட் விஷயத்திலும் நிதானமாகத்தான் இருந்தேன்.

நார்பர்ட் ஹைன்ஸல் கறிக்கடைக்காரன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அவன் என் சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கிற பௌலிங்கில் ஒரே டீம், நவம்பரில் மான் வேட்டைக்குப் போனால் ஒரே கூடாரம். என் மனைவி ஆர்லீன் செத்தபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவன் அவன்தான். சும்மா சொல்லக் கூடாது, தொழிலில் சுத்தமானவன். பச்சைக்கறிக்கு ஆர்டர் கொடுத்தால் அவன் செய்கிற முறையே தனி. விடியற்காலையில், மெஷினில் வேறு எந்தக் கறியும் படுவதற்கு முன்னால், முழுத் தொடைக்கறியின் வெளிப்பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு உள்கறியை மட்டும் அரைப்பான். யார் வீட்டுக்கு எது போகிறது என்று அவனுக்குத் தெரியும். வாங்குகிறவனின் போன் நம்பரையும் கேட்டு வைத்துக்கொள்வான். "டேய், நாளைக்குக் கறியில ஏதாவது கோளாறுன்னா உனக்கு நான் சொல்ல வேண்டாமா, நம்பரச் சொல்லு" என்பான்.

போன வருஷக் கடைசியில் அவன் அந்த முறையைக் கைவிட்டுவிட்டான். ஆர்டர் தலைக்கு மேல். உதவிக்கு ஆள் இல்லை. ஏதோ ஒரு பேக்கிங் கம்பெனியிலிருந்து பெட்டியில் வந்த துண்டுக்கறியை வாங்கி அதையும் சேர்த்து அரைத்தான். எனக்கும் அதைத்தான் கொடுத்தான். இது அவன் செய்த தப்பு. இதை அவனே என்னிடம் ஒப்புக்கொண்டான். இந்தக் கதையில் தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராவது கேட்டால் இங்கேதான் என்று நான் சொல்வேன்.

எங்கள் வீடு இரண்டு அடுக்கு. கீழே நான். மாடியில் என் மகள் காரினும் அவள் பெண் ஜோஸியும். ஜோஸியின் அப்பன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்கே தெரியாது, அவனைப் பற்றி எழுத வேண்டாம். ஜோஸிக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. காலையில் காரின் வேலைக்குப் போனதும் படியில் தடதடவென்று இறங்கி வந்து என் கதவைத் தட்ட மாட்டாள், உதைப்பாள். "போலீஸ், கதவைத் திற" என்பாள். நான் உள்ளிருந்து, "தாத்தா வீட்டுல இல்ல" என்பேன். தினமும் இதேதான். இரண்டு பேருக்கும் அது அலுத்ததே இல்லை.

வருஷக் கடைசி நாளன்று காரினுக்குக் கடையில் வேலை. சாயங்காலம்தான் வருவாள். போகும்போது மாடிப்படியில் நின்றுகொண்டே சொன்னாள்:

"அப்பா, பச்சைக்கறிய அவகிட்டக் காட்டாதீங்க. பெரியவளாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"உனக்கு நாலு வயசுலயே குடுத்தேன். நீ என்ன செத்தா போயிட்ட?"

"அம்மாவுக்குத் தெரியாம குடுத்தீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. நான் சொல்றதக் கேளுங்க."

"சரி சரி, நீ போ. பஸ் போயிடப் போகுது."

மத்தியானம் பௌலிங் டீம் ஆட்கள் வந்தார்கள். பிராந்தி ஊற்றினேன். தட்டில் ரொட்டியை அடுக்கி வைத்தேன். ஜோஸி மேஜைக்கு அடியில் புகுந்து எல்லோருடைய ஷூ கயிற்றையும் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். ஒரு சின்னத் துண்டை நீட்டினேன். அவள் மோந்து பார்த்தாள்.

"இது இன்னும் வேகல, தாத்தா."

"வேகாததுதான் ருசி."

"சிவப்பா இருக்கு. வேண்டாம்."

"அட பயந்தாங்கொள்ளி. பூனைகூடச் சாப்பிடுது. நீ வொய்டாக் வீட்டுப் பொண்ணுதானா, இல்ல ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைகளுக்குத் தங்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பது பிடிக்காது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். ஊட்டிவிட்டேன். முழுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கை தட்டினேன், எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் இன்னொன்று கேட்டாள். இதை நன்றாகக் கவனியுங்கள் மேடம், இரண்டாவதை அவளாகத்தான் கேட்டாள்.

காரினிடம், குழந்தை தட்டிலிருந்து தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டாள், நான் பார்ப்பதற்குள் முழுங்கிவிட்டாள் என்று சொன்னேன். அது பெரிய பொய் இல்லை. கொடுத்தது என் கை என்றாலும் மென்றது அவள் வாய்தானே.

புது வருஷம் பிறந்து சில நாளில் ஜோஸிக்கு வயிற்று வலி வந்தது. பிறகு வயிற்றால் போனது. பிறகு வெறும் ரத்தமாகப் போனது. காரின் அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். போர்வை நனைந்து படியில் சொட்டியது. நான்தான் துடைத்தேன். ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். முகமெல்லாம் வீங்கிக் கண் மூடிவிட்டது. அவளுக்கு நான் யாரென்று தெரியவில்லை. வலிப்பு வரும்போது கட்டிலின் இரும்பு கடகடவென்று அடிக்கும், நாலு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். காரின் மூலையில் நின்று தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருப்பாள். ஒரு காலை அந்தச் சத்தம் நின்றது. டாக்டர் கிருமியின் பெயரைச் சொன்னார். ஈ கோலியில் ஒரு பொல்லாத வகையாம். வேக வைத்தால் செத்துவிடுமாம்.

அதே கறியை நானும் சாப்பிட்டேன். நிறையச் சாப்பிட்டேன். எனக்கு ஏப்பம்கூட வரவில்லை. இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்கள் உடம்பு தாங்கும், குழந்தை உடம்பு தாங்காது என்றார். எனக்கென்னவோ கறி அவ்வளவு மோசமாக இருந்திருக்காது என்றுதான் இன்னும் தோன்றுகிறது. அவள் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் நோஞ்சான்.

அந்தக் கறியைப் பேக்கிங் கம்பெனி வாபஸ் வாங்கிய செய்தி டிவியில் ஓடியது. பல மாநிலங்களுக்குப் போயிருந்ததாம். சாப்பிடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் எறிந்துவிடுங்கள் என்றார்கள். நார்பர்ட் கடைக் கண்ணாடியில் அந்த அறிவிப்பை ஒட்டினான். ஜோஸியின் சவ அடக்கத்துக்கு அவனும் வந்திருந்தான். சர்ச்சின் கடைசி வரிசையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் பன்றித் தொடைக்கறி சமைத்துக் கொடுப்பது வழக்கம். அவன் கொண்டு வந்து வைத்ததை யாரும் தொடவில்லை. காரின் அதை அப்படியே குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். "இனிமே இந்த ஆளு மூஞ்சியில முழிக்க மாட்டேன்ப்பா" என்றாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். அவள் அழுதாள். ஆர்லீன் போன பிறகு அவள் என் மேல் சாய்ந்து அழுதது அன்றைக்குத்தான். சொல்லக் கூடாது, ஆனால் அன்றைக்கு எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது.

வழக்குப் போடலாம் என்று காரின்தான் சொன்னாள். ஸ்டால் என்று ஒரு வக்கீலம்மா. கெட்டுப்போன சாப்பாட்டு வழக்குகள் மட்டுமே எடுப்பவர், கெட்டிக்காரி. அவர் எங்களை உட்கார வைத்து, யார் யார் மேல் வழக்குப் போடலாம் என்று விளக்கினார். கறியை வெட்டிப் பெட்டி போட்ட கம்பெனி மேல், அதை லாரியில் கொண்டு வந்தவர்கள் மேல், அரைத்து விற்ற நார்பர்ட் மேல். ஜோஸியின் மலத்தில் இருந்த கிருமியும் என் ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த கறியில் இருந்த கிருமியும் ஒரே வகை என்று சோதனைச்சாலை நிரூபித்துவிட்டதாம். அது பெரிய பலம் என்றார். நஷ்டஈடு வாங்கலாம், கம்பெனியைப் பகிரங்கமாகத் தப்பை ஒப்புக்கொள்ள வைக்கலாம், இன்னொரு குழந்தைக்கு இப்படி ஆகாமல் தடுக்கலாம் என்றார். அவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் காரின் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் வக்கீலம்மா. "பச்சையாச் சாப்பிட்டதுதான் தப்புன்னு அவங்க வக்கீல் சண்டை போடுவார். அதச் சமாளிச்சிடலாம், இந்த ஊர்ல எல்லாரும் சாப்பிடுறாங்க, கடைக்காரரும் அதுக்குன்னே விக்கிறார். சமாளிக்க முடியாதது ஒண்ணே ஒண்ணு. சாப்பிடுறதுக்கு முன்னால உங்களுக்குச் சேதி வந்துச்சா? யாராவது எச்சரிச்சாங்களா?"

காரின் என்னைப் பார்த்தாள். நான் வக்கீலம்மாவைப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன். "டிவியில வந்ததே அப்புறம்தானே."

"அன்னிக்குக் காலைல கடையிலருந்து உங்க வீட்டுக்கு ஒரு போன் வந்த மாதிரி பதிவு இருக்கே?"

"நார்பர்ட் புது வருஷ வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டான். வருஷா வருஷம் கூப்பிடுவான்."

காரின் பெருமூச்சு விட்டாள். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த மூச்சு அது. அவளும் இந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சரி. நீங்களும் அந்தப் போன் பதிவை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். மறைத்து என்ன ஆகப் போகிறது. இது ரெக்கார்ட் ஆகிறது என்று தெரியும். ஆனால் காரின் காது வரைக்கும் இது போக வேண்டிய அவசியம் இல்லை. பெரியவர்கள் நமக்குள் இருக்கட்டும்.

போன் வந்தபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன்.

"டேய் க்ளாரன்ஸ், அந்தக் கறியத் தொடாத. இப்பதான் கம்பெனியிலருந்து சொன்னாங்க. ஏதோ கிருமியாம். எல்லாத்தையும் வாபஸ் வாங்குறாங்க. தூக்கிக் குப்பையில போடு."

"எல்லாரையும் கூப்பிட்டாச்சுடா. ஆளுங்க இப்ப வந்துடுவாங்க."

"வந்தா வரட்டும். பாலாடைக்கட்டி குடு, ஊறுகா குடு, என் தலைய வெட்டிக் குடு. இத மட்டும் குடுக்காத. காசத் திருப்பித் தர்றேன்."

"அம்பது வருஷமா சாப்பிடுறேன். டிவியில அந்தப் பொம்பள கத்துறது பத்தாதுன்னு இப்ப நீயும் ஆரம்பிச்சிட்டியா? கடைக்காரன் நீயே இப்படிப் பயந்தா எப்படிடா?"

"சத்தியமாச் சொல்றேன்டா. ஜோஸி இருக்கா வீட்டுல."

"சரிடா, போட்டுடறேன், போட்டுடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டு வெங்காயத்தை வெட்டி முடித்தேன். கறியை மோந்து பார்த்தேன், நல்ல வாசனை. நிறமும் நன்றாக இருந்தது. இவ்வளவு பேரை வரச் சொல்லிவிட்டு மேஜையில் பாலாடைக்கட்டியை வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வருஷக் கணக்கில் கேலி பண்ணுவார்கள். க்ளாரன்ஸ் வொய்டாக் டிவியைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்பார்கள். நான் ஒரு முடிவு எடுத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். நூற்றுக்கு ஒருத்தருக்குத்தான் அந்தக் கிருமி வேலை செய்யும், அந்த ஒருத்தர் நம் வீட்டில் இருப்பார் என்று யார் நினைப்பார்கள்?

ஆக இந்த உலகத்தில் அந்தப் போனைப் பற்றித் தெரிந்தவர்கள் நானும் நார்பர்ட்டும் மட்டும்தான். மாதங்கள் ஓடின. அவன் யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவான். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி நடந்துகொள்வான். இந்தக் குளிர்காலம் வழக்கு சூடு பிடித்தது. நார்பர்ட்டை வக்கீல் ஆபீசுக்கு வரச் சொல்லி, சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று வக்கீலம்மா சொன்னார். வியாழக்கிழமை. காரினும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாமாம். காரின் நிச்சயம் போகிறேன் என்றாள். அவன் வாயால் அவனே ஒப்புக்கொள்வதைத் தன் காதால் கேட்க வேண்டுமாம்.

எனக்குத் தூக்கம் போனது. நஷ்டஈட்டைப் பற்றி நான் கவலைப்படவில்லை, மேடம், அந்தப் பணம் எனக்கு வேண்டாம். காரினைப் பற்றித்தான் கவலை. பெண்ணை இழந்தவள். அவளுக்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்தன்தான். சாயங்காலம் வேலை விட்டு வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் சூப் குடிப்பாள். அவள் அப்பனையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள நார்பர்ட்டுக்கு என்ன உரிமை இருக்கிறது? பெட்டிக்கறியை அரைத்தவன் அவன்.

புதன்கிழமை கடை மூடுகிற நேரத்துக்குப் போனேன். கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். கையுறை போட்டிருந்தேன், வெளியே அவ்வளவு குளிர். கதவைத் தாளிட்டேன். கடை மூடுகிற நேரத்தில் யாராவது வந்து தொந்தரவு செய்வார்கள் என்பதால்தான்.

நார்பர்ட் பின்னறையில் அரைக்கும் மெஷினைக் கழற்றப் போய்க்கொண்டிருந்தான். தட்டில் கடைசியாக அரைத்த கறி ஒரு குவியல் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மனுஷன் உண்மையிலேயே சந்தோஷப்பட்டான்.

"வாடா. நீ வர மாட்டியான்னு எத்தனை நாளாப் பாத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா? உக்காரு, காப்பி போடறேன்."

"வியாழக்கிழமை என்ன சொல்லப் போற?"

"வியாழக்கிழமையா? பனிப்புயல் வருதுன்னு முன்னாடியே வரச் சொல்லிட்டாங்களே. நேத்தே போயிட்டு வந்துட்டேன்டா."

 முதல்நாள் காரின் சூப் குடிக்க வரவில்லை. நேராக மாடிக்குப் போய்விட்டாள். தலைவலி என்று மேலிருந்து குரல் மட்டும் கொடுத்தாள். அது எதற்கு என்று எனக்கு இப்போது விளங்கியது.

"காரின் எதிர்லயே உக்காந்திருந்தா" என்றான் நார்பர்ட். "அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்படிடா..."

அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை. மேஜையில் கத்தி தீட்டுகிற இரும்புக் கம்பி இருந்தது. அதை எடுத்து அவன் காதுக்கு மேல் அடித்தேன். தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவன் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். கத்தவில்லை. ஆச்சரியப்பட்ட மாதிரி என்னை அண்ணாந்து பார்த்தான். கை வைத்துத் தடுத்தான், அந்தக் கையில் அடித்தேன். விரல்கள் முறிந்தன. முழங்காலில் இரண்டு முறை அடித்தேன், எழுந்திருக்காமல் இருப்பதற்காக. அவன் மல்லாக்க விழுந்தான். தரையில் மரத்தூள் போட்டிருப்பான், ரத்தம் அதில் ஊறியது. அதனால் வழுக்கவில்லை.

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினான். "கேளுடா... நான் சொல்லல... கேளு..." என்ற மாதிரி ஏதோ. உயிருக்குப் பயந்தால் எல்லோரும் அப்படித்தான் எதையாவது சொல்வார்கள். அவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்தேன். தட்டிலிருந்த கறியை எடுத்தேன். அந்த வாய்தானே எல்லாவற்றையும் கெடுத்தது என்று எனக்குத் தோன்றியது. அதனால் ஊட்டினேன். முதல் பிடியைத் துப்பினான். மூக்கைப் பிடித்தேன், வாயைத் திறந்தான். இரண்டாவது பிடியில் என் விரலைக் கடித்துவிட்டான், எலும்பு வரை. இந்தக் கட்டு அதற்காகப் போட்டதுதான், பேஸ்மென்ட் கதவில் நசுங்கியது என்று முதலில் சொன்னது பொய். பிறகு என் கையை உள்ளே விடவில்லை. கறியை மெஷினுக்குள் தள்ளுவதற்கு ஒரு மரக்கட்டை இருக்கும், அதை வைத்துத் தள்ளினேன். பல் உடைவது கட்டை வழியாகக் கையில் தெரிந்தது. தட்டு காலியாகும் வரை தள்ளினேன். அவன் கால்கள் தரையை உதைத்துக்கொண்டே இருந்தன. ஆஸ்பத்திரியில் கட்டில் கடகடத்ததே, அதே வேகம். பிறகு நின்றது.

நான் எழுந்து கை கழுவினேன். மெஷினைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டேன். அப்படியே விட்டால் காய்ந்து பிடித்துக்கொள்ளும், நார்பர்ட்டுக்கு அது பிடிக்காது. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் காரின் சூப் குடிக்க வந்தாள். எப்போதும் போலத்தான் இருந்தாள். தலைவலி போய்விட்டதா என்று கேட்டேன். போய்விட்டது என்றாள். எனக்குத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். பெருந்தன்மையான பெண்.

உண்மையைச் சொன்னால், நான் வருத்தப்படவில்லை. அவன் ஒரு தாயிடம் போய் அவள் அப்பாவைக் காட்டிக் கொடுத்தான். நான் செய்தது ஜோஸிக்காக, காரினுக்காக. அந்த வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன சொல்கிறீர்கள்?

இன்னொரு முறை சொல்லுங்கள், மேடம். மெதுவாக.

செவ்வாய்க்கிழமை நார்பர்ட் அப்படியா சொன்னான்? எச்சரித்தீர்களா என்று கேட்டபோது, இல்லை என்றானா? காலையில் போன் செய்தது எதற்கு என்று கேட்டபோது, புது வருஷ வாழ்த்துச் சொல்லத்தான் என்றானா? கம்பெனியிலிருந்து சேதி வந்தும் யாரிடமும் சொல்லாமல் விட்டது தன் தப்பு, க்ளாரன்ஸுக்கு ஒன்றும் தெரியாது என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்து சொன்னானா? காரினிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதானா?

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நார்பர்ட் பொய் சொல்கிறவன் இல்லை, மேடம். அறுபது வருஷமாக எனக்கு அவனைத் தெரியும். சத்தியம் செய்து ஒன்றைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும். ஆகவே அந்தப் போனைப் பற்றி நான் சொன்னதை அடித்துவிடுங்கள், எனக்கு வயசாகிவிட்டது, எதையோ எதோடோ குழப்பிக்கொண்டுவிட்டேன். கறியில் கிருமி இருக்கிறது என்று தெரிந்தும் அவன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிப்பட்டவனைத்தான் நான் கொன்றேன். காரினிடம் அப்படியே சொல்லுங்கள்.